இருமுனையும் இறுகிய உத்தரம்

சற்று நகர்ந்து அமருங்கள் ஐயா. போதும், போதும், இந்த இடம் எனக்குத் தாராளம். பையை மடியில் வைத்துக்கொள்கிறேன். முன் இருக்கைக் கம்பியை நான் இப்படி இரு கையாலும் பற்றியிருப்பதைக் கண்டு தவறாக எண்ண வேண்டாம். எனக்குத் தள்ளாமையும் இல்லை, நடுக்கமும் இல்லை. ஓடும் வண்டியில் ஒரு கையால் பிடிப்பது பிடிப்பே அன்று என்பது என் கொள்கை. அவ்வளவுதான்.

சன்னலோரம் இருப்பது தங்கள் மகளா? உன் பெயர் என்னம்மா? சுபிக்ஷா. நல்லது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாயா? மேலே என்ன படிக்க எண்ணம்? சிவிலா! ஐயா, இதைத் தற்செயல் என்று நான் சொல்ல மாட்டேன். காதில் செருகியிருக்கும் அதைச் சற்று எடுத்துவிடம்மா. உனக்குப் பயன்படக்கூடிய ஒரு செய்தி என்னிடம் இருக்கிறது.

என் பெயர் அறவாழி. பாலத்தைக் கடந்து கரூர்ச் சாலையில் திரும்பியதும் ஒரு பொறியியல் கல்லூரி வரும். அங்கே நான் பேராசிரியர். கட்டுமான இயக்கவியல் என் பாடம். ஒரு கட்டடம் ஏன் நிற்கிறது, ஏன் வீழ்கிறது என்பதுதான் அந்தப் பாடத்தின் சாரம். மனிதன் ஏன் நிற்கிறான், ஏன் வீழ்கிறான் என்பதும் அதுவேதான். இதை நான் சொன்னால் இக்காலத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இன்று பதினொரு மணிக்குள் எங்கள் முதல்வருக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டும். ஆமாம் என்றால் சிமுலேஷன் ஆய்வகம் என்னிடம் இருக்கும். இல்லை என்றால், நான் வராமல் போனாலும் சரி, அது குழலி என்னும் பெண்ணிடம் போய்விடும். மட்டுவார்குழலி, என் பழைய மாணவி. முழுவதையும் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், நியாயம் யார் பக்கம் என்று.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். நான் கணினிக்குப் பகைவன் அல்லன். ஆய்வகத்துக்குக் கணினிகள் வந்து இறங்கியபோது இளைய ஆசிரியர்கள் என் முதுகுக்குப் பின்னால், "அறவாழி சாருக்கு மவுஸை எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னு தெரியுமாடா?" என்று பேசிக்கொண்டார்கள். என் காதிலும் விழுந்தது. கோடை விடுமுறை முழுவதும் அந்த மென்பொருளோடு அமர்ந்து, ஒவ்வொரு பொத்தானாகக் கற்றேன். விடுமுறை முடிந்து அவர்கள் வந்தபோது அவர்களுக்கே பாடம் நடத்தினேன்.

அம்மா சுபிக்ஷா, அது எப்படிப்பட்ட கருவி தெரியுமா? திரையில் ஓர் உத்தரத்தை வரைவாய். உத்தரம் என்றால் பீம். அதன் இரு முனைகளும் எதன்மேல் இருக்கின்றன என்று சொல்வாய். சுவரில் இறுகப் பதித்திருக்கிறதா, இல்லை, வெறும் உருளைக் கம்பியின் மேல் கிடக்கிறதா? அதுதான் தாங்கி. பிறகு நடுவில் பளுவை ஏற்றிப் பொத்தானை அழுத்தினால், உத்தரம் தொய்வதை உன் கண்ணெதிரே காட்டும். துன்பமில்லாத இடம் நீலம், துன்பம் மிகுந்த இடம் சிவப்பு. எத்தனை பெரிய கொடை! இரும்பின் வலியை நிறமாகக் காண எங்கள் காலத்தில் வாய்த்ததா?

முதல் பாடத்துக்கான மாதிரியை நானே உருவாக்கினேன். ஒரே ஓர் உத்தரம். முதலில் இரு முனைகளையும் உருளைமேல் கிடத்திக் காட்டுவேன். பளு ஏறியதும் தொங்கும். பிறகு இரு முனைகளையும் சுவரில் இறுக்குவேன். அதே பளு, அதே இரும்பு, ஆனால் தொய்வு நான்கில் ஒரு பங்காகிவிடும்! வகுப்பு வியந்துபோகும். அப்போது நான் திரும்பி நின்று சொல்வேன்: "பிள்ளைகளே, வாழ்விலும் ஒரு முனை மனச்சான்று, மறுமுனை கடமை. இரண்டிலும் இறுகி நில்லுங்கள். எந்தப் பளுவும் உங்களை வளைக்காது." இறுக்கிய அந்த உத்தரத்தைத்தான் எல்லோருக்கும் பயிற்சி மாதிரியாகக் கொடுப்பேன்.

சொல்ல மறந்துவிட்டேன், என் வகுப்பில் ஒரு நியமம் உண்டு. முச்சான்று என்று அதற்குப் பெயரிட்டிருந்தேன். தொய்வு எவ்வளவு என்று முதலில் கையால் கணக்கிட வேண்டும். அடுத்துக் கணினியிடம் கேட்க வேண்டும். அதன்பின் கீழே சோதனைக்கூடத்தில் கிடக்கும் உண்மையான இரும்பு உத்தரத்தின் மேல் பளுவை ஏற்றி அளந்து வர வேண்டும். மூன்றும் ஒத்தால்தான் என் கையொப்பம். கையொப்பம் இல்லாதவர் செய்முறைத் தேர்வு எழுத முடியாது. கண்டிப்புத்தான். கண்டிப்பில்லாத அன்பு பிள்ளைகளைக் கெடுக்கும்.

ஐயா, ஆண்டுகள் பல கடந்தும் ஒரு மாணவனுடைய முச்சான்றுகூடப் பிசகியதில்லை! மூன்று எண்களும் அச்சடித்தாற்போல் ஒத்திருக்கும். மற்றக் கல்லூரி ஆசிரியர்கள் கேட்டு மூக்கில் விரல் வைப்பார்கள். அதை என் பிள்ளைகளின் ஒழுக்கத்துக்குக் கிடைத்த பரிசு என்றே கருதினேன். முதலில் கணினியைப் பார்த்துவிட்டு மற்ற இரண்டையும் அதற்கேற்ப எழுதுகிறார்கள் என்று பின்னாளில் சிலர் சொன்னார்கள். பொறாமைக்காரர்கள்.

நான் என்றேனும் சோதனைக்கூடத்தில் இறங்கி அளந்து பார்த்தேனா என்கிறீர்களா? நான் ஏன் அளக்க வேண்டும்? பிள்ளைகளை நம்பினேன். நம்பிக்கையல்லவா கல்வி?

அந்தச் சூழலில்தான் குழலி வந்து சேர்ந்தாள். லால்குடிப் பக்கம் ஊர். ஒல்லியான உருவம், மூக்குக்கண்ணாடி, கேள்வி கேட்பதற்கென்றே பிறந்த வாய். அவளுடைய மூன்று எண்களில் கணினியின் எண் மட்டும் தனியே நின்றது. கையால் போட்டதும் சோதனைக்கூடத்தில் அளந்ததும் ஏறத்தாழ ஒன்றாகவும், கணினி சொன்னதற்கு நான்கு மடங்காகவும் இருந்தன.

"மறுபடி செய்து வா" என்றேன்.

சென்றாள், வந்தாள். அதே எண்கள்.

"உன் கணக்கில் பிழை இருக்கிறது."

"இல்ல சார், மூணு தடவ பார்த்துட்டேன். கீழ கெடக்குற பீமு சும்மா ரெண்டு உருளை மேலதான் சார் படுத்திருக்கு. அத யாரும் எங்கயும் இறுக்கல. கம்ப்யூட்டர்லதான் நாம இறுக்கி வச்சிருக்கோம். அதான் ஒத்துக்கல."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. நான் பொறுமையாகவே பேசினேன். கோபம் என் இயல்பன்று. "அம்மா, கீழே கிடப்பது இரும்பு. இங்கே நான் காட்டுவது கொள்கை. ஒரு கதை சொல்கிறேன் கேள். ஓர் ஓடையின் குறுக்கே இரண்டு பலகைகள் கிடந்தன. ஒன்றை இரு கரையிலும் ஆணியடித்து இறுக்கியிருந்தார்கள். மற்றொன்று சும்மா கிடந்தது. மழைக்காலம் வந்தது. சும்மா கிடந்த பலகை வெள்ளத்தோடு போயிற்று. ஆணியடித்தது அங்கேயே நின்றது. இதில் உனக்கு என்ன விளங்குகிறது?"

அவள் சற்று யோசித்தாள். பிறகு கேட்டாள் ஐயா, அத்தனை பேர் முன்னிலையில்: "மழ போயி வெயில் வந்ததும் அந்த ஆணியடிச்ச பலகை என்ன ஆச்சு சார்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. கதையை முடித்த இடத்தில் முடித்துக்கொள்ளத் தெரிய வேண்டாமா? அதற்கு மேல் என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே போனால் எந்தக் கதைதான் தாங்கும்?

அதோடு அவள் விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். "ஒரு நிமிஷம் சார்" என்று கணினிமுன் அமர்ந்தாள். மென்பொருளில் வெப்பம் என்று ஒரு பொத்தான் உண்டு. நான் அதைத் தொட்டதில்லை, முதல் பாடத்துக்கு அது தேவையில்லை. நம் ஊர்ச் சித்திரை வெயிலின் அளவை அதில் அடித்தாள். பளு ஒன்றும் ஏற்றவில்லை. வெறும் வெயில். பொத்தானை அழுத்தியதும் என் உத்தரம், இரு முனையும் இறுகிய என் உத்தரம், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது.

"சூடானா நீளும்ல சார். ரெண்டு பக்கமும் அடச்சிட்டா எங்க போகும்? தனக்குள்ளயே நசுங்குது" என்றாள். பிறகு ஒரு முனையை மட்டும் உருளையாக மாற்றினாள். உத்தரம் முழுவதும் நீலமானது.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "டேய், ஃபிக்ஸட் சார் பீமு வெடிச்சுப்போச்சுடோய்!"

ஃபிக்ஸட் சார். எனக்கு அப்படியொரு பட்டப்பெயர் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும். அம்மா, நீ சிரிக்கிறாய். பரவாயில்லை. வயது அப்படி.

நான் அவளுக்குக் கையொப்பமிடவில்லை. விதி விதிதானே? மூன்றும் ஒத்தால் கையொப்பம். அவளுக்கு ஒக்கவில்லை. அந்தப் பருவத்துச் செய்முறைத் தேர்வை அவளால் எழுத முடியாமல் போயிற்று. தேர்ச்சி நிலுவையில் இருந்ததால் வளாக நேர்முகத்துக்கு வந்த ஒரு பெரிய நிறுவனமும் அவளை உள்ளே அழைக்கவில்லை. அவளுடைய தந்தை லால்குடியிலிருந்து வந்து என் அறை வாசலில் நின்றார். "ஒரு கையெழுத்துதானே சார், புள்ள வாழ்க்கை" என்றார். அவருக்கும் பொறுமையாகவே விளக்கினேன்: "ஐயா, இங்கே யாருக்கும் அநீதி நடக்கவில்லை. அந்த இரண்டு எண்களை மட்டும் மற்றப் பிள்ளைகள் எழுதியதுபோல் எழுதி வரச் சொல்லுங்கள். இப்போதே கையொப்பமிடுகிறேன்."

அவள் எழுதவில்லை ஐயா. எத்தனை பிடிவாதம் பாருங்கள்! இரண்டு எண்கள். இரண்டே இரண்டு எண்களை மாற்றி எழுதியிருந்தால் அன்றே தீர்ந்திருக்கும். எனக்காகவும் வேண்டாம், தன் தந்தைக்காகவாவது செய்திருக்கலாம். ஒழுக்கத்தை எவ்வளவு போதித்தாலும் ஏற்கும் பாத்திரம் வேண்டுமல்லவா?

நான் என் சொந்த மகனையும் அப்படித்தான் வளர்த்தேன். இரு முனையும் இறுக்கி. இன்று ஓசூரில் நல்ல வேலையில் இருக்கிறான். வருவதில்லை. வேலைச்சுமை. அது வேறு பேச்சு.

சரி, நேற்றைய செய்திக்கு வருகிறேன். குழலி அடுத்த பருவத்தில் வேறோர் ஆசிரியரிடம் தேர்வெழுதித் தேறினாள், மேற்படிப்புக்குச் சென்னை போனாள். இந்த ஆண்டு எங்கள் கல்லூரிக்கே விரிவுரையாளராகத் திரும்பி வந்திருக்கிறாள். உலகில் வேறு கல்லூரியே இல்லாததுபோல! அவள் வந்த நேரமோ என்னவோ, இம்முறை செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு வினோதப் பிறவி. பிள்ளைகளின் முச்சான்றுகளைப் பார்த்தார். எல்லோருக்கும் ஒரே எண். "பேஷ்" என்று பாராட்டுவார் என நான் காத்திருந்தேன். அவர் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு சோதனைக்கூடத்தில் இறங்கி, தாமே பளுவை ஏற்றி அளந்தார். மேலே வந்து என் முதுகில் தட்டி, "சார், உங்க பசங்க அளந்த பீம் எங்க இருக்கு? கீழ கெடக்குறது வேற பீம் போலிருக்கே" என்றார். என் மாணவர்கள் எதிரில். தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். எனக்காக வெட்கப்பட்டார்கள் என்று நினைக்கிறேன்.

நேற்று முதல்வர் அமலதாஸ் அழைத்தார். என்னைவிட இளையவர், பண்பாளர், ஆனால் வளைந்து கொடுக்கிற பேர்வழி. "சார், உக்காருங்க. டீ சாப்பிடுங்க. ஒண்ணும் பெரிய விஷயமில்ல. அடுத்த பேட்ச் முதல் கிளாஸ்ல, 'இந்த மாடலும் கீழ இருக்குற பீமும் ஒண்ணு இல்ல, சப்போர்ட் மாறியிருந்துச்சு, திருத்திட்டோம்'னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ஃபைலை மாத்திடுங்க. லேப் உங்ககிட்டயே இருக்கட்டும். குழலி கூட இருந்து பாத்துக்கும்."

"சொல்லாவிட்டால்?"

"சார், என்னைச் சங்கடப்படுத்தாதீங்க. நாளைக்குப் பதினோரு மணிக்கு மேனேஜ்மெண்ட்டுக்குப் பதில் சொல்லணும். நீங்க வரலைன்னா மாட்டேன்னு எடுத்துக்குவேன்."

வெளியே வந்தால் வராந்தாவில் குழலி நிற்கிறாள். அதே மூக்குக்கண்ணாடி. ஏளனம் செய்வாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கும் என்னிடம் விடை இருந்தது. ஆனால் அவள் குரலைத் தாழ்த்தி, "சார், லேப் எனக்கு வேணாம். நிஜமாத்தான் சொல்றேன். உங்க கதையெல்லாம் பசங்களுக்கு வேணும் சார், எனக்கு இன்னும் அந்தப் பலகைக் கதை ஞாபகம் இருக்கு. அந்த ஒரு முனையை மட்டும் உருளையா மாத்திடலாம். நீங்க சொல்லக்கூட வேணாம், உங்க பக்கத்துல நின்னு நானே கிளிக் பண்ணிடறேன்" என்றாள்.

ஆணவத்தைக் கவனித்தீர்களா? என் மாதிரியை என் பக்கத்தில் நின்று அவள் திருத்துவாளாம்! முகத்துக்கு நேரே ஏசியிருந்தாலும் பொறுத்திருப்பேன். இந்தக் கனிவை எப்படிப் பொறுப்பது? "எனக்கு நீ இரக்கம் காட்டும் அளவுக்கு நான் இன்னும் தொய்ந்துவிடவில்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவ்வளவே.

பாலம் வந்துவிட்டது பாருங்கள். காவிரியில் தண்ணீர் எங்கே இருக்கிறது, மணல்தான். என்னம்மா? என்ன கேட்கிறாய்? இந்தச் சத்தமா? தடக், தடக் என்று வண்டி போகும்போது கேட்கிறதே, அதுவா? நல்ல கேள்வி! ஐயா, தங்கள் மகள் கெட்டிக்காரி. இப்படித்தான் பார்க்க வேண்டும், இப்படித்தான் கேட்க வேண்டும்.

சொல்கிறேன் கேள். இந்தப் பாலம் ஒரே நீளமான பாலம் அன்று. பல துண்டுகளை வரிசையாகத் தூண்களின்மேல் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் இடையில் சிறிய இடைவெளி விட்டிருக்கிறார்கள். வண்டி அந்த இடைவெளியைத் தாண்டும் ஓசைதான் தடக். ஏன் விட்டார்கள்? வெயில் ஏறினால் பாலம் நீளும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நீளும். அதனால் ஒரு முனையை நிலையாக வைத்து, மறுமுனையை நகர்ந்துகொள்ளும்படி விடுவார்கள். பகலில் சற்று நகரும், இரவில் தன் இடத்துக்குத் திரும்பும். எத்தனை அழகான ஏற்பாடு! இரு முனையையும் இறுக்கிவிட்டால் இந்தக் கோடையைப் பாலம் தாங்காது. வெடித்துவிடும். இத்தனை பேருந்தும் லாரியும் நாள்தோறும் சுகமாகக் கடந்து போவது அந்த விரலகல இடைவெளியால்தான். கல்லூரியில் சேர்ந்ததும் உன் ஆசிரியர்களிடம் இதைச் சொல், வியப்பார்கள்.

என்ன? இன்னொரு தரம் சொல்லம்மா, காற்றில் சரியாகக் கேட்கவில்லை.

"அப்ப அந்த அக்கா சொன்னது சரிதானே?" என்கிறாயா?

அது வேறு அம்மா. இது பாலம். அது பாடம். பாலத்துக்கு இடைவெளி வேண்டும். பாடத்துக்கு எதற்கு? ஐயா, தாங்கள் கண்டிக்க வேண்டாம், குழந்தை தெரியாமல் கேட்கிறாள். இருந்தாலும் ஓர் அறிவுரை, மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பிள்ளைக்கு இப்போதே சொல்லிக்கொடுங்கள். கேள்விக்கும் ஓர் எல்லை உண்டு. இல்லாவிட்டால் இவளும் நாளைக்கு ஒரு வராந்தாவில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்பாள்.

என்ன செய்யப் போகிறேன் என்கிறீர்களா? நீங்கள் கேட்டதற்கு நன்றி. வீட்டில்கூட யாரும் கேட்கவில்லை. முதல்வரிடம் நேரில் சொல்வேன்: "ஆய்வகத்தை எடுத்துக்கொள்ளுங்கள், என் சொல்லை எடுத்துக்கொள்ள முடியாது." இந்த வாக்கியத்தைக் காலையில் கண்ணாடிமுன் நின்று சொல்லிப் பார்த்தேன். கம்பீரமாக இருந்தது. குழலியும் அங்கே இருந்தால் நல்லது. பிள்ளைகளும் இருந்தால்...

பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். விடுமுறை.

பாலம் இறங்கிவிட்டதே. அடுத்தது என் நிறுத்தம். எழுந்துகொள்கிறேன். அப்பப்பா, இந்தக் கம்பி என்னமாய்ச் சுடுகிறது! கூட்டம் வேறு. மேலே இந்தக் கம்பி ஒரு கைக்கு, அந்தக் கம்பி ஒரு கைக்கு. இப்படி நின்றால் எந்த ஓட்டுநர் எப்படிப் பிரேக் போட்டாலும் நான் அசைய மாட்டேன் பாருங்கள்.

என்னப்பா நடத்துநரே? ஆமாம், கல்லூரி நிறுத்தம்தான், நான்தான் இறங்க வேண்டும். வருகிறேன், வருகிறேன். ஏன் கத்துகிறாய்?

கேட்டீர்களா ஐயா, என்ன சொல்கிறான் என்று? "ரெண்டு கையாலயும் கம்பியப் புடிச்சுட்டு நின்னா எப்படி சார் எறங்குவீங்க? ஒரு கையயாச்சும் விடுங்க!" இவனும் எனக்குப் புத்தி சொல்லத் தொடங்கிவிட்டான். நிற்கிற வண்டியில் விடுவேன் அப்பா. நீ முதலில் வண்டியை ஒழுங்காக நிறுத்து, ஆட்டாதே...

அட, விசில் ஊதிவிட்டானே! வண்டி கிளம்பிவிட்டதே!

இல்லை ஐயா, நீங்கள் சத்தம் போட வேண்டாம். அம்மா, நீயும் உட்கார். யாரிடமும் கெஞ்ச வேண்டிய தேவை எனக்கில்லை. மணி என்ன? பத்தே முக்காலா? பரவாயில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தே வருகிறேன். கொஞ்ச தூரம்தான். வெயிலா? வெயில் என்னை என்ன செய்துவிடும்?